உடன் போன வாத்தியார்கள்

மாணவர்களைக் கூட்டமாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் கல்விச் சுற்றுலாவில் யாருக்கு எவ்வளவு பாடம் என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்குழு எதுவும் தேவையில்லை. விமான நிலையத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். ஒரே நிறத் தொப்பி போட்ட நாற்பது பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவர், நாற்பது பாஸ்போர்ட்டும் உள்ள பையை மார்போடு அணைத்தபடி, உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுப்பார். கந்த சஷ்டி கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. “முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது…” நாற்பதாவது ஆள் கழிப்பறையிலிருந்து வருவதற்குள் பதினேழாவது ஆள் சாக்லேட் விலை விசாரிக்கப் போயிருப்பான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அவர்தான் உடன் போகும் வாத்தியார். பயணத் திட்டத்தில் அருங்காட்சியகம் இருக்கும், பாராளுமன்றம் இருக்கும், உள்ளூர் மாணவர்களோடு கலந்துரையாடல் இருக்கும், பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கென்று ஒரு மாலைப்பொழுதே ஒதுக்கியிருக்கும். வாத்தியார் எப்போது தூங்குவார் என்பது மட்டும் இருக்காது. ஆனால் இந்தப் பயணங்களின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். பாடம் யாருக்கென்று செலவு செய்தார்களோ அவரை அது லேசாகத் தொட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா நின்றவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

அப்படிப் பிடிபட்டவர்களில் மிகப் பெரிய ஆள் ஒரு வாத்தியார்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பதினேழு, பதினெட்டு வயதானால் பிரான்சும் இத்தாலியும் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். கிராண்ட் டூர் என்று அதற்குப் பெயர். பையன் பிரெஞ்சு பேசப் பழக வேண்டும், நாலு பெரிய மனிதர்கள் வீட்டில் எப்படி உட்கார்ந்து எழுந்திருப்பது என்று கற்க வேண்டும், ரோமாபுரியின் இடிந்த தூண்களைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். அவன் சூதாடாமலும், கடன்படாமலும், பொருந்தாத இடத்தில் மனதைப் பறிகொடுக்காமலும் பார்த்துக்கொள்வதற்குக் கூடவே படித்த ஆள் ஒருவர் சம்பளத்துக்குப் போவார்.

1764இல் பக்ளூ டியூக் என்ற பதினேழு வயதுப் பையனுக்கு இப்படியொரு ஆள் தேவைப்பட்டார். பையனின் தாயை மறுமணம் செய்திருந்த சார்லஸ் டவுன்ஷெண்ட் பொறுப்பை ஏற்றுத் தேடினார். பின்னாளில் அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலைக்கு வரி போட்டு வம்பை விலைக்கு வாங்கிய அதே டவுன்ஷெண்ட்தான். இந்தக் காரியத்தில் மட்டும் அவருடைய கணக்கு தப்பவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியல் பேராசிரியராக இருந்த ஆடம் ஸ்மித்தைப் பிடித்தார். ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம், வழிச்செலவு தனி, பயணம் முடிந்த பிறகும் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 300 பவுன் ஓய்வூதியம். நாற்பது பாஸ்போர்ட் பையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இன்றைய ஆசிரியர் இந்த வரியை இரண்டாம் முறை படிக்காமல் இருப்பது நல்லது.

ஸ்மித் போவதென்றால் வகுப்பைப் பாதியில் விட வேண்டும். மாணவர்கள் கட்டியிருந்த கட்டணத்தைத் தனித்தனிக் காகிதப் பொட்டலமாக மடித்து எடுத்துவந்து, கடைசி வகுப்பில் திருப்பிக் கொடுத்தார். கேட்ட பாடத்துக்கே பணம் தகும், வேண்டாம் என்று முதல் மாணவன் மறுக்க, அவன் கோட்டைப் பிடித்திழுத்துப் பைக்குள் திணித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கட்டணத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்ற மாணவனும் கொடுக்காமல் விடமாட்டேன் என்ற ஆசிரியரும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதை நம்மூர் சுயநிதிக் கல்லூரி நிர்வாகிகள் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறும்.

ஆசிரியரும் மாணவனும் தெற்கு பிரான்சில் டூலூஸ் நகரத்தில் போய் இறங்கினார்கள். வாத்தியாருக்கு பிரெஞ்சு பேச்சு சரியாக வராது. டியூக்குக்கு அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரையும் தெரியாது. விருந்துக்கு அழைப்பார்கள் என்று எதிர்பார்த்த பெரிய வீடுகளின் கதவு திறக்கவில்லை. பிரெஞ்சுச் சமுதாயத்தை ஆராய வந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலைமையில்தான் பாரிஸில் இருந்த நண்பர் டேவிட் ஹியூமுக்கு ஸ்மித் ஒரு கடிதம் எழுதினார். பொழுதைக் கழிக்க ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருப்பதாக அதில் ஒரு செய்தி இருந்தது. 1776இல் வெளியாகி உலகப் பொருளாதாரச் சிந்தனையையே திசைதிருப்பிய ‘நாடுகளின் செல்வம்’ நூலின் தொடக்கம் அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். டூலூஸில் யாராவது நாலு பேர் அன்பாக இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அப்புறம் பயணம் சூடு பிடித்தது. ஜெனிவாவில் வால்டேரைப் பார்த்தார்கள். பாரிஸில் கெனே, துர்கோ போன்ற பொருளாதார மேதைகளோடு ஸ்மித் மணிக்கணக்கில் பேசினார். 1766இல் டியூக்கின் தம்பி பாரிஸில் இறந்துபோக, சுற்றுலா துக்கத்தோடு முடிந்தது. டியூக் பிற்பாடு பொறுப்பான மனிதராக, கடைசிவரை வாத்தியாரிடம் மதிப்பு வைத்திருந்தவராக வாழ்ந்தார்.

வாத்தியாரோ தம் புத்தகத்தில் கிராண்ட் டூரையே ஒரு பிடி பிடித்துவிட்டார். பதினேழு வயதில் அனுப்பப்படும் பையன் இருபத்தொன்றில் திரும்பும்போது முன்பைவிடத் தலைக்கனமும் ஒழுக்கக்கேடும் கூடி, எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் வருகிறான் என்பது அவர் முடிவு. பிறகு ஏன் அனுப்புகிறார்கள்? உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் அவ்வளவு மோசம். இன்னொன்று, கண்ணெதிரே பிள்ளை உருப்படாமல் போவதைப் பார்க்கும் கொடுமையிலிருந்து அப்பாவுக்குக் கொஞ்ச காலம் விடுதலை. இவ்வளவையும் எழுதியவர், அப்படியொரு சுற்றுலாவுக்குத் துணை போனதற்கான ஓய்வூதியத்தை 1790இல் சாகும்வரை வாங்கிக்கொண்டிருந்தார். கொள்கை வேறு, கணக்கு வேறு என்பதைப் பொருளாதார மேதைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

கூட்டமாகக் கூட்டிப்போகும் வழக்கத்துக்கு வழி போட்டவர் இன்னொருவர். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்ற இங்கிலாந்துத் தச்சர் சுமார் 500 பேரை ரயிலேற்றி லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு அழைத்துப் போனார். போக வர ஒரு ஷில்லிங். எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு. மக்கள் சாராயக் கடையை மறந்து நல்வழிப்பட ஊர் சுற்றிப் பார்ப்பதே மருந்து என்று குக் மனதார நம்பினார். கூட்டுச் சுற்றுலா என்ற தொழிலே அங்கிருந்துதான் வளர்ந்தது.

மருந்து எப்படி வேலை செய்தது என்பதை 85 ஆண்டு கழித்து, அதே 500 பேர் கணக்கில், ஓர் அமெரிக்கப் பேராசிரியர் தெரிந்துகொண்டார்.

அதற்கு முன் ஒரு சின்ன வெற்றிக் கதை. முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ரேமண்ட் கிர்க்பிரைட், டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்தார். ஒரு தேசத்தைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்தத் தேசத்து வீட்டில் ஓராண்டு சாப்பிட்டுப் படிப்பது மேல் என்பது அவர் எண்ணம். 1923 ஜூலையில் எட்டு மாணவர்களோடு ‘ரோஷம்போ’ கப்பலில் ஏறினார். நான்சியில் கொஞ்ச காலம், பிறகு பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகம், தங்குவது பிரெஞ்சுக் குடும்பங்களில். பெரிய விபரீதம் எதுவும் இல்லாமல் பயணம் முடிந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் வெளிநாட்டு ஆண்டுப் படிப்புக்கு அதுவே முன்னோடி ஆனது. இதன் இரகசியத்தைக் கல்வியாளர்கள் பலவிதமாக விளக்குவார்கள். உடன் போகும் வாத்தியார்களுக்கோ ஒரே விளக்கம்தான் தெரியும்: எட்டுப் பேர். இரண்டு கை விரலுக்குள் எண்ணி முடிந்துவிடும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் லஃப் எட்டோடு நிற்கவில்லை. 1926 செப்டம்பர் 18 அன்று, சுமார் 500 கல்லூரி மாணவ மாணவியரை ‘ரின்டாம்’ என்ற டச்சுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு நியூயார்க் துறைமுகத்திலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார். மிதக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர். கப்பலில் வகுப்பறை, நூலகம், பேராசிரியர்கள், தேர்வு, பட்டத்துக்கான மதிப்பெண், ‘பின்னக்கிள்’ என்று சொந்தமாக ஒரு செய்தித்தாள், எல்லாம் உண்டு. காலையில் கடலில் பாடம், துறைமுகம் வந்தால் தரையில் பாடம். உலகத்தை நேரில் கண்டால்தான் உலகக் குடிமகன் உருவாவான் என்பது லஃப்பின் கொள்கை. கொள்கையில் ஒரு குறையும் இல்லை. குறை காலண்டரில் இருந்தது.

அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. 1920இல் தொடங்கியது, 1933 வரை நீண்டது. கப்பலில் ஏறிய பிள்ளைகள் நாட்டின் சட்டப்படி ஒரு சொட்டு பீரைக்கூட வாங்க முடியாத தலைமுறை. அவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் முதலில் போன திசையில் இருந்தது கியூபா. ஹவானாவில் எந்தச் சமுதாய நிறுவனம் மாணவர்களின் கவனத்தைக் கவர்ந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த கதைதான்.

அதன்பின் பனாமா, ஹவாய், ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், சயாம், ஜாவா, கொழும்பு, பம்பாய், எகிப்து, பாலஸ்தீனம், இத்தாலி என்று ஏழு மாதத்துக்கு மேல் பயணம் நீண்டது. மாணவர்கள் சயாம் மன்னரைச் சந்தித்தார்கள். போப்பைச் சந்தித்தார்கள். முசோலினியையும் சந்தித்தார்கள். பத்திரிகைகள் இதையெல்லாம் ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு, ஜப்பானில் ஓட்டல் மதுக்கூடத்தில் மாணவர்கள் அடித்த கூத்தையும், கப்பல் தளத்தில் மலர்ந்த காதல்களையும் தலைப்புச் செய்தியாக்கின. மன்னரும் போப்பும் தங்களால் முடிந்தவரை முயன்றார்கள். செய்தி மதிப்பில் ஒரு பீர் பாட்டிலை வெல்ல முடியவில்லை.

உடன் போன பேராசிரியர்களின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நிலத்தில் என்றால் நாற்பது பேரை ஒரு பேருந்துக்குள் அடைத்துக் கதவைச் சாத்திவிடலாம். ஷாங்காயில் 500 பேரை இறக்கிவிட்டு, ராத்திரி கப்பல் புறப்படும் முன் 500 பேரையும் ஏற்ற வேண்டும். ஏறியவர்கள் எல்லாரும் நேராக நிற்பவர்களாகவும் இருக்க வேண்டும். உளவியல் படித்திருந்தால் மட்டும் இதற்குப் போதாது. துறைமுகக் காவல் நிலையத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்.

1927 மே மாதம் கப்பல் ஊர் திரும்பியபோது லஃப்புக்கு மாலை மரியாதை காத்திருக்கவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகம் கப்பல் கிளம்பும் முன்பே இந்த ஏற்பாட்டிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டிருந்தது. இப்போது லஃப்பையும் விலக்கிவிட்டது. வேலை போனது. அமெரிக்க வெளியுறவுத் துறை விசாரணை வேறு. முதல் பயணமே கடைசிப் பயணமாயிற்று. இந்தக் கதையை 2023இல் விரிவான நூலாக எழுதிய ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் டாம்சன் பீட்ச், குடிக்கூத்துக்குப் பின்னால் வேறொரு சண்டை இருந்ததைக் காட்டுகிறார். அனுபவம் அறிவாகுமா, அல்லது வகுப்பறையில் பேராசிரியர் முத்திரை குத்தியதுதான் அறிவா என்ற சண்டை. பல்கலைக்கழகங்கள் இரண்டாவது பக்கம் நின்றன. முத்திரை அவர்கள் கையில்தானே இருந்தது.

கப்பலில் கல்லூரி நடத்தும் ஆசை அத்தோடு அடங்கவில்லை. 1970இல் ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். டங், அந்தக் காலத்தின் பிரம்மாண்டப் பயணக் கப்பலான ‘குயீன் எலிசபெத்’தை விலைக்கு வாங்கினார். அதையும் மிதக்கும் பல்கலைக்கழகமாக்குவது திட்டம். கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, 1972 ஜனவரி 9 அன்று ஹாங்காங் துறைமுகத்தில் கப்பல் தீப்பற்றி எரிந்து சாய்ந்தது. வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. பாதி மூழ்கிக் கிடந்த அந்த உடலை சினிமாக்காரர்கள் விடவில்லை. 1974இல் வந்த ‘த மேன் வித் த கோல்டன் கன்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அதுதான் பிரிட்டிஷ் உளவுத்துறையின் இரகசிய அலுவலகம். பல்கலைக்கழகமாகப் போகவிருந்த கட்டடத்தில் அரசு அலுவலகம் வந்து உட்கார்ந்துகொள்வது நமக்கொன்றும் புதிதில்லை.

பள்ளிப் பிள்ளைகளைக் கப்பலேற்றிய கதை பிரிட்டனில் உண்டு. அதை நடத்திய பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிய ‘ரஜூலா’ அந்த நிறுவனத்தின் கப்பல்தான். 1926இல் கட்டப்பட்டது, அதாவது லஃப்பின் கப்பல் கிளம்பிய அதே ஆண்டு. மேல்தளத்தில் பாய் விரித்து, ஊறுகாய் ஜாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மலாயா போன நம்மவர்களின் பயணத்துக்கு யாரும் கல்விச் சுற்றுலா என்று பெயர் வைக்கவில்லை. வேறொரு நாட்டின் சமுதாயத்தை அவர்கள் கற்ற அளவுக்கு எந்த மாணவர் குழுவும் கற்றிருக்காது என்பது வேறு விஷயம். கட்டணம் கட்டிக் கற்றால்தான் கல்வி. கூலி வாங்கிக்கொண்டு கற்றால் அதற்குப் பிழைப்பு என்று பெயர்.

அதே நிறுவனம் 1960களிலும் 70களிலும் பழைய படைக்கப்பல்களையும் பயணக்கப்பல்களையும் பள்ளிக் கப்பல்களாக மாற்றியது. வரிசைக் கட்டில், வகுப்பறை, மத்திய தரைக்கடல் துறைமுகங்கள். 1982 ஏப்ரலில் ‘உகாண்டா’ என்ற கப்பல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு எகிப்துப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து செய்தி வந்தது. ஃபாக்லாந்து தீவுகளில் போர்; கப்பல் உடனே தேவை. பிள்ளைகளை இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கப்பலுக்கு வெள்ளை அடித்து, செஞ்சிலுவை வரைந்து, மருத்துவமனையாக்கித் தென் அட்லாண்டிக்குக்கு ஓட்டினார்கள். பிரமிடு பற்றி என்ன படித்தோம் என்பதை அந்தப் பிள்ளைகள் மறந்திருக்கலாம். தாங்கள் தூங்கிய கட்டிலில் அடுத்த மாதம் யார் படுத்திருந்தார்கள் என்பதை எந்தப் பாடத்திட்டக் குழுவாலும் திட்டமிட்டுக் கற்பித்திருக்க முடியாது.

படையும் பள்ளிச் சுற்றுலாவும் உறவுக்காரர்கள் என்பதற்கு ஜப்பான் இன்னொரு சாட்சி. இன்று ஜப்பானியப் பள்ளி வாழ்க்கையில் வகுப்பே ஒன்றாகப் போகும் சுற்றுலா ஒரு சடங்கு. அதன் மூலவேர் 1886இல் டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் சிபா பகுதிக்கு மேற்கொண்ட நெடும்பயணம். துப்பாக்கி தூக்கி, அணிவகுத்து, போர்ப்பயிற்சியும் செடிகொடி ஆராய்ச்சியும் சேர்த்துச் செய்துகொண்டு நடந்தார்கள். 1906இல், ரஷ்யாவோடு நடந்த போர் முடிந்த கையோடு, பள்ளி மாணவர்களை மஞ்சூரியப் போர்க்களங்களுக்கு அரசே அனுப்பி வைத்தது. நாம் எங்கே ஜெயித்தோம் என்று காட்டுவதற்கு. அண்டை நாட்டுச் சமுதாயத்தை அறிய இது ஒரு வழி. அண்டை நாட்டாருக்குத்தான் அவ்வளவாகப் பிடித்திருக்காது.

துப்பாக்கி போய்விட்டது, ஒழுங்கு போகவில்லை. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஒருநாள் சுற்றுலா போனால் இத்தனை யென்னுக்குத்தான் தின்பண்டம் கொண்டுவரலாம் என்று உச்சவரம்பு வைப்பார்கள். 300 யென் என்பது பழைய கணக்கு. “வாழைப்பழம் தின்பண்டத்தில் சேர்த்தியா சார்?” என்ற கேள்வி அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஓடும் நகைச்சுவை. சேர்த்தி இல்லை என்றால் 300 யென்னுக்கு மேல் எத்தனை பழம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாமே. வருமான வரிச் சட்டம் படிக்கப் போகும் மூளைகள் அந்த வயதிலேயே அடையாளம் தெரிந்துவிடும்.

இப்போது அந்த நாட்டுக்கு மற்ற நாட்டு மாணவர்கள் போகிறார்கள். ஜப்பானின் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014இல் தொடங்கிய சகுரா அறிவியல் திட்டத்தில் இந்தியப் பள்ளி மாணவர்களும் தேர்வாகி ஏறக்குறைய ஒரு வாரம் போய்வருகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆய்வுக்கூடம், ரோபோ, புல்லட் ரயில் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டால் பெரும்பாலும் ரயிலைச் சொல்வார்கள். உடன் போனவர்களைக் கேட்டால் துடைப்பத்தைச் சொல்வார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையையும் நடைபாதையையும் கூட்டித் துடைக்கிறார்கள். ஜப்பான் போய்வந்த எந்தக் குழுவின் உரையும் இதைச் சொல்லாமல் முடிந்ததில்லை.

ஆனால் காலை வணக்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு மறுநாள் செயல்படுத்தப் பார்த்தால் கதை வேறு. மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்த தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் என்ற செய்தி நம்மூர் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. அங்கே துடைப்பம் முறை வைத்து எல்லார் கைக்கும் வரும். இங்கே அதை ஒருவர் தூக்கினால், எந்தத் தெருப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவார் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். விமானத்தில் துடைப்பத்தை ஏற்றிவிடலாம். அந்த முறை வைப்பதை ஏற்றுவதற்கு எந்தப் பெட்டியிலும் இடம் போதாது.

பார்ப்பதிலேயே இவ்வளவு சிக்கல் இருக்கிறதே, பிள்ளைகள் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புபவர்கள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா இருக்கும் கூடத்துக்குப் போகலாம். பள்ளிக் குழுக்கள் தவறாமல் வந்து சேரும் இடம். படம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மாணவர் கூட்டம் உள்ளே நுழைந்ததும் கைகள் உயரும். ஒவ்வொருவரும் நெருங்கி வந்து, மோனாலிசாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, செல்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பார்கள். அப்படித் திரும்பிய முகங்களுக்கு நேரே, எதிர்ச்சுவர் முழுக்க, வெரோனேசே வரைந்த கானாவூர்க் கல்யாண விருந்து. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம்; லூவரிலேயே பெரிய ஓவியம். நூற்றுக்கு மேற்பட்ட விருந்தாளிகள், இசைவாணர்கள், நாய்கள், தண்ணீர் திராட்சரசமாக மாறும் ஜாடிகள். நெப்போலியனின் படை 1797இல் வெனிஸ் மடாலயத்திலிருந்து தூக்கிவந்தது. ஐரோப்பாவின் கலை, மதம், கொள்ளை எல்லாவற்றையும் ஒரே சுவரில் பாடம் நடத்தலாம். நாற்பது ஜோடிக் கண்கள் அதன் பக்கமே திரும்பியிருக்கின்றன. பார்ப்பது நடுவில் இருக்கும் கையகலத் திரையை.

வாத்தியார் ஒருவர்தான் வெரோனேசேயை அண்ணாந்து பார்ப்பார். அதுவும் படத்தில் எத்தனை தலை என்று பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கி, பாதியில் சுதாரித்துத் தன் பிள்ளைகளுக்குத் திரும்புவார்.

சரி, ஒரு பிள்ளையாவது போன காரியத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்ததா? வந்தது. அதற்கு நடந்த மரியாதையையும் கேட்க வேண்டும். ரோம் நகரின் சபியென்சா பல்கலைக்கழக மாணவி சோஃபியா கொராடி, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்ச் சட்டத்தில் முதுகலை முடித்துக்கொண்டு 1958இல் திரும்பினார். அந்தப் படிப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார். அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு வந்து அதைப் படிப்பென்று சொல்ல வெட்கமாக இல்லையா என்ற தொனியில் எல்லார் முன்னிலும் வசை விழுந்தது. லஃப்பின் கப்பலைக் கவிழ்த்த அதே முத்திரைச் சண்டை. ஆனால் இந்த முறை முத்திரைக்காரர்கள் தவறான பெண்ணைச் சீண்டிவிட்டார்கள். கொராடி விடவில்லை. மனு எழுதினார், அறிக்கை எழுதினார், அமைச்சர்களையும் துணைவேந்தர்களையும் ஆண்டுக்கணக்கில் துரத்தினார்.

1987இல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. ஓர் ஐரோப்பிய நாட்டு மாணவர் இன்னொரு நாட்டில் சில மாதங்கள் படிக்கலாம். அங்கே படித்தது இங்கே செல்லும். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். பிறகு அது பல லட்சங்களாகப் பெருகியது. கொராடிக்கு ‘எராஸ்மஸ் அம்மா’ என்று பெயர் நிலைத்தது.

இந்தத் திட்டத்தில் உடன் போகும் வாத்தியார் கிடையாது. தலை எண்ண ஆளில்லாவிட்டால் எண்ணிக்கை என்ன ஆகும் என்பதை 2014இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டியது. வேலைவாய்ப்பு, மொழித்திறன், சுயநம்பிக்கை என்று பல அட்டவணைகளுக்கு நடுவே ஒரு தகவல்: வெளிநாட்டில் படித்தவர்களில் 27 சதவீதத்தினர் நிலையான வாழ்க்கைத் துணையை அங்கே இருந்தபோதுதான் சந்தித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நீட்டி, 1987 முதல் எராஸ்மஸ் ஜோடிகளுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் வரை பிறந்திருக்கலாம் என்று ஆணையமே மதிப்பிட்டது. அறிக்கையின் மற்றப் பக்கங்களை யாராவது படித்தார்களா என்பது சந்தேகம். இந்த ஒரு வரி உலகப் பத்திரிகை எல்லாவற்றிலும் வந்தது. லஃப்பின் காலத்தில் கப்பல் தளத்துக் காதல் ஒரு பல்கலைக்கழகத்தின் மானத்தை வாங்கியது. இப்போது அதையே ஐரோப்பிய ஒன்றியம் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது.

அந்தப் பத்து லட்சத்தில் மூத்தவர்களுக்கே பிள்ளைகள் பிறந்திருக்கும். நடுவில் பிறந்தவர்கள் இப்போதுதான் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள், கையில் எராஸ்மஸ் விண்ணப்பத்தோடு. ஏதோ ஓர் இத்தாலிய வீட்டில், பார்சிலோனாவுக்குப் பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்று மகள் சொல்கிறாள். ஸ்பானிய அப்பா சட்டென்று செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். பார்சிலோனாவில் பொருளாதாரம் படிக்கப் போய் அவரைக் கையோடு அழைத்து வந்த அம்மா, விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: “உள்ளூர்லேயே நல்ல காலேஜ் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதுக்குடி? கூட வாத்தியார் யாராவது வர்றாங்களா?”